எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொன்ன சாட்சி

எங்கள் ஊர் ஜமாஅத்தில் என் வாப்பா அவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிர்வாகப் பொறுப்பில் இருந்தார்கள். கொடுக்கல் வாங்கல், வேலித் தகராறு, கணவன் மனைவி மனத்தாங்கல் என எது எழுந்தாலும் அது முதலில் வந்து நிற்கும் இடம் எங்கள் வீட்டுத் திண்ணைதான். உள்வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நானும் என் ராத்தாவும் அந்த விசாரணைகளை ஒட்டுக் கேட்போம். எனக்கு அப்போது பத்து வயது, ராத்தாவுக்குப் பதினெட்டு.

ஒருமுறை, தென்னந்தோப்பில் இரவோடு இரவாகக் காய் இறக்கிய வழக்கு வந்தது. கண்ணால் கண்டதாக ஒருவர் சாட்சி சொன்னார். எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கமாகப் போனார்கள் என்று தடங்கல் இல்லாமல் அடுக்கினார். வாப்பா அவர்கள் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அன்றைக்கு நல்ல மழையாயிற்றே, நனைந்துகொண்டா நின்றீர்?” என்றார்கள். “இல்லை, குடை பிடித்திருந்தேன்” என்றார் அவர். வாப்பா சிரித்துவிட்டார்கள். அந்த மாதம் முழுவதும் எங்கள் ஊரில் ஒரு துளி மழை விழவில்லை!

அன்றிரவு சோற்றுக்கு அமர்ந்தபோது எங்களிடம் சொன்னார்கள்: “நடந்ததைக் கேட்டால் எவனும் ‘ஆம்’ என்பான், மகளே. நடக்காததைக் கேட்டாலும் ‘ஆம்’ என்றால் அவன் சாட்சி இல்லை, வெறும் எதிரொலி. சாட்சியின் சொல்லை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் சாட்சியையே விசாரிக்க வேண்டும்.”

இந்தச் சொல்லை நான் வளர்ந்த பிறகு மறந்துபோனேன். அந்த மறதிக்கு என் வாழ்வில் இரண்டு ஆண்டுகளை விலையாகக் கொடுத்தேன். பின்னொரு நாள் என் ராத்தாவின் உடல்நலமே அந்தச் சொல்லின்மேல் வந்து நின்றது. அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

நான் படித்தது உயிர் வேதியியல். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்திற்காக ஆய்வு செய்துவந்தேன். நம் உடலின் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான். ‘வளர்’, ‘நில்’, ‘இரண்டாகப் பிரி’, ‘மடிந்துபோ’ என்னும் கட்டளைகள் செல்லின் வெளிப்புறத்தில் வந்து தட்டுகின்றன. மேலுறையில் நிற்கும் ஏற்பி என்னும் புரதம் அதைப் பெற்று உள்ளே இருக்கும் இன்னொரு புரதத்திடம் கொடுக்கிறது. அது மற்றொன்றிடம் கொடுக்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறிச் செய்தி செல்லின் உட்கருவைச் சென்றடைகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பழுதாகி, யாரும் சொல்லாமலே ‘வளர், வளர்’ என்று ஓயாமல் கூவத் தொடங்கினால் அங்கே புற்றுநோய்க்கு வித்து விழுகிறது.

இந்தச் செய்திப் புரதங்களைச் சாதாரண நுண்ணோக்கியால் காண இயலாது. அவ்வளவு சிறியவை. ஒரு செல்லுக்குள் பல்லாயிரம் வகைப் புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எப்படி அடையாளம் காண்பது? அதற்காக அறிவியலாளர்கள் அமர்த்திக்கொண்ட சாட்சியின் பெயர்தான் ஆன்டிபாடி. தமிழில் எதிர்ப்பொருள் என்பர்.

எதிர்ப்பொருள் நம் இரத்தத்திலேயே இருப்பது. ஒருமுறை தட்டம்மை கண்டு தேறியவரை அது பெரும்பாலும் மறுபடி அண்டுவதில்லை அல்லவா? முதல்முறை வந்த பகைவனின் உருவத்தை உடல் நினைவில் வைத்துக்கொண்டு, அவனை மட்டும் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்வதே காரணம். 1890 இல் பெர்லினில் எமில் ஃபான் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும், நோய் எதிர்ப்புப் பெற்ற விலங்கின் இரத்தத் தெளிநீரை மற்றொரு விலங்குக்குச் செலுத்தினால் அந்தப் பாதுகாப்பு அதற்கும் கிடைப்பதைக் காட்டினார்கள். கவட்டைக் கம்பு போன்ற வடிவம் கொண்டது எதிர்ப்பொருள். அதன் இரு நுனிகளும், பூட்டுக்கேற்ற சாவிபோல, தனக்குரிய பொருளைத் தேடிப் பற்றிக்கொள்ளும்.

இந்த இயல்பை ஆய்வுக்கூடத்தார் தம் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டனர். மனிதப் புரதம் ஒன்றை ஒரு முயலுக்கு ஊசி வழியாகச் செலுத்தினால், முயலின் உடல் அதை அயலான் எனக் கருதி எதிர்ப்பொருள் செய்யும். அதைப் பிரித்தெடுத்து, நிறம் காட்டும் பொருள் ஒன்றைப் பூட்டி, செல்களின்மேல் ஊற்றினால், எங்கே அந்தப் புரதம் இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொண்டு ‘இதோ இருக்கிறது’ என்று சாட்சி சொல்லும். 1941 இல் ஆல்பர்ட் கூன்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் கூட்டாளிகளுடன் ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருளைப் படைத்தார். 1975 இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர், எலியின் எதிர்ப்பொருள் செல்லைச் சாகாமல் பெருகும் புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே அச்சில் வார்த்த எதிர்ப்பொருள்களை வேண்டிய அளவுக்குப் பெறும் வழியைக் கண்டனர். 1984 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று எதிர்ப்பொருள்கள் சிறுசிறு குப்பிகளில் விலைக்கு வருகின்றன. ஒரு கண்ணீர்த் துளி அளவு நீருக்குப் பல்லாயிரம் ரூபாய்!

அப்படி ஒரு குப்பியை நம்பித்தான் நான் என் ஆய்வைத் தொடங்கினேன். செல்லுக்குள் வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் புரதம் ஒன்றின்மேல் எனக்கு நாட்டம். செல்களைக் கரைத்து, அவற்றின் புரதங்களைக் கூழ் போன்ற பரப்பில் மின்சாரத்தால் ஓடவிட்டு, எடை வாரியாகப் பிரித்து, மெல்லிய சவ்வின்மேல் பதித்து, அதன்மேல் எதிர்ப்பொருளை ஊற்றுவோம். நாம் தேடும் புரதம் இருக்கும் இடத்தில் ஒரு கருங்கோடு விழும். எனக்கு விழுந்தது. எதிர்பார்த்த எடையில், அழகாக, அழுத்தமாக விழுந்தது. புற்றுச் செல்களில் தடித்தும், இயல்பான செல்களில் மெலிந்தும் தெரிந்தது. நான் எண்ணியதற்கெல்லாம் அந்தக் குப்பி ‘ஆம்’ என்றது. இரண்டு ஆண்டுகள் அந்தக் கோடுகளை அடுக்கி அடுக்கி ஆய்வேட்டின் பாதியை எழுதிவிட்டேன்.

குப்பி தீர்ந்தது. அதே பெயர், அதே எண் கொண்ட புதுக் குப்பியை வாங்கினோம். கோடு விழவில்லை. கைத்தவறு என்று எண்ணி மறுபடி செய்தேன். விழவில்லை. ஒரு மாதம் உறக்கமின்றி அலைந்தேன். முந்தைய குப்பி ஒரு முயலின் இரத்தத்திலிருந்து வந்தது. புதுக்குப்பி வேறொரு முயலிலிருந்து வந்தது. இரண்டு முயல்களும் ஒன்றையே பிடிக்கும் என்பதற்கு என்ன உறுதி? ஒரே முயலின் இரத்தத்தில்கூடப் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்து இருக்குமே!

அப்போதுதான் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் இருந்த மூத்த சகோதரி ஒருவர் என்னிடம், “அந்தப் புரதமே இல்லாத செல்லில் உங்கள் பழைய எதிர்ப்பொருளைச் சோதித்தீர்களா?” என்று கேட்டார். நான் சோதித்திருக்கவில்லை. அடிக்குப்பியில் ஒட்டியிருந்த சில துளிகளை வைத்துக்கொண்டு, அந்தப் புரதத்திற்குரிய மரபணுவை அடக்கிவைத்த செல்களில் சோதித்துப் பார்த்தேன். புரதம் ஏறத்தாழ இல்லாமற்போன அந்தச் செல்களிலும் என் கருங்கோடு அப்படியே, அழகாக, அழுத்தமாக விழுந்தது. இரண்டு ஆண்டுகளாக நான் பார்த்துக்கொண்டிருந்தது, ஏறக்குறைய அதே எடை கொண்ட வேறு ஏதோ ஒரு புரதம்.

மழையே பெய்யாத இரவில் குடை பிடித்த சாட்சி என் மேசைமேல் இருந்திருக்கிறது! நடக்காததைக் கேட்டுப் பார்க்க எனக்குத்தான் தோன்றவில்லை. ஆய்வேட்டின் பாதியைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அந்நாட்களில் ராத்தாதான் வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்து, “வாப்பா சொன்னது நினைவிருக்கிறதா உனக்கு? அந்தக் குடைக்காரரை மறந்துவிட்டாயே” என்று சிரிக்கச் சிரிக்கப் பேசித் தேற்றினார்கள்.

இந்தத் துன்பம் எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். 2015 இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழ் இதுபற்றி விரிவாக எழுதியது. கனடாவின் டொராண்டோ நகரில் ஓர் ஆய்வுக்குழு, கணையப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் புரதம் ஒன்றைக் கண்டுவிட்டதாக நம்பி, இரண்டு ஆண்டுகளும் ஐந்து லட்சம் டாலரும் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மாதிரிகளும் செலவழித்தது. முடிவில் பார்த்தால், கடையில் வாங்கிய அந்த எதிர்ப்பொருள் பற்றியது முற்றிலும் வேறொரு புரதத்தை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் புற்றுநோய்க்கான சோதனை ஒன்றை உருவாக்கிய டேவிட் ரிம் என்னும் மருத்துவர், மறுதடவை வாங்கிய எதிர்ப்பொருள் முந்தையதுபோல் இயங்காததால் அத்திட்டத்தையே கைவிட நேர்ந்தது. 2023 இல் வெளியான ஓர் ஆய்வில் 65 புரதங்களுக்காக விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்களை, அந்தந்தப் புரதத்தை நீக்கிய செல்களைக் கொண்டே சோதித்தனர். தேறாதவை நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றை நம்பி எழுதிய கட்டுரைகளோ ஏராளம். சோதனை முடிவைக் கண்ட நிறுவனங்கள் பல குப்பிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றன. சிலவற்றுக்குப் பயன்பாட்டுக் குறிப்பை மாற்றின.

ஆய்வுக்கூடத்தில் சாட்சி பொய்த்தால் ஆய்வேடு கிழியும். மருத்துவமனையில் பொய்த்தால்?

2016 ஆம் ஆண்டு ராத்தாவின் மார்பில் ஒரு சிறு கட்டி தென்பட்டது. அவர்களுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. ஒன்றரை சென்டிமீட்டர் அளவு. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்குளில் இருந்து எடுத்த நெறிக்கட்டிகளில் நோய் இல்லை. பத்து நாட்கள் கழித்து மச்சான் தொலைபேசியில் அழைத்தார்கள். “ரிப்போர்ட் வந்துவிட்டது. ஹெர்-2 மூன்று பிளஸ் என்று போட்டிருக்கிறது. அதற்கென்றே தனி மருந்து இருக்கிறதாம். ஓராண்டுக்கு ஊசி. பல லட்சம் ஆகும் என்கிறார்கள். தோட்டத்தை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்” என்றார்கள். குரலில் அச்சமும் இருந்தது. அதைவிடக் கூடுதலாக நம்பிக்கையும் இருந்தது.

ஹெர்-2 என்பது என்ன? அதுவும் நான் மேலே சொன்ன செய்திப் புரதங்களில் ஒன்றுதான். செல்லின் மேலுறையில் நின்று வளர்ச்சிக் கட்டளையை உள்ளே அனுப்பும் ஏற்பி. 1982 இல் அமெரிக்காவில் வைன்பெர்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், மும்பையிலிருந்து சென்ற லட்சுமி சரண் பாடி என்னும் நம் நாட்டு அறிவியலாளர், எலிகளின் இரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள்களைக் கொண்டே இப்புரதத்தின் எலி வடிவத்தை முதலில் கண்டார். 1987 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனும் கூட்டாளிகளும், சில பெண்களின் மார்பகப் புற்றில் இதற்குரிய மரபணு இரண்டு பிரதிகளுக்குப் பதிலாகப் பல பிரதிகளாகப் பெருகிக் கிடப்பதையும், அத்தகையோருக்கு நோய் விரைந்து திரும்புவதையும் எடுத்துரைத்தனர். இன்றைய கணக்கில் நூறு மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ 15 முதல் 20 வரை இவ்வகை.

இவ்வகைக்காக வந்த மருந்து டிராஸ்டுசுமாப். அதுவும் ஓர் எதிர்ப்பொருளே. எலியில் உருவாக்கி, மனித உடல் ஏற்கும்படி திருத்தியமைத்தது. ஹெர்-2 இன்மேல் போய் அமர்ந்து செய்தியைத் தடுத்துவிடும். 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் இம்மருந்துக்கும், யாருக்கு இம்மருந்து பயன்படும் என்று காட்டும் எதிர்ப்பொருள் சோதனைக்கும் ஒரே நாளில் அனுமதி கிடைத்தது. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை 2005 இல் வெளியான ஆய்வுகள் மெய்ப்பித்தன. உரியவர்களுக்கு இது பெரும் வரம் என்பதில் ஐயமே இல்லை. உரியவர் அல்லாதார்க்கோ, இதயத்தின் வலிமையைக் குறைக்கக்கூடிய ஆபத்தும், கூடவே கொடுக்கும் கீமோதெரபியின் வேதனையும், கடனும்தான் மிஞ்சும். ராத்தாவுக்கு ஏற்கெனவே இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் இருந்தன.

மச்சானிடம் அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். படித்ததும் ஓரிடத்தில் கண் நின்றது. கட்டியின் தரம் ஒன்று என்று எழுதியிருந்தது. அதாவது நிதானமாக வளரும் வகை. ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் மிகுதியாக இருந்தன. இப்படிச் சாதுவான கட்டியில் ஹெர்-2 மூன்று பிளஸ் வருவது அரிது. அவ்வாறு வந்தால் சோதனையை மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களும் நோய்க்குறியியலாளர்களும் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டி நெறியே சொல்கிறது. 2007 இல் அவர்கள் வெளியிட்ட முதல் நெறியிலோ, அன்று நடந்த ஹெர்-2 சோதனைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தவறாக இருக்கலாம் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அன்று இஷாவுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, ஊசியைத் தொடங்கும் முன் சோதனையை மறுபடி செய்யலாம் என்று சொன்னேன். வாப்பா அவர்கள் வஃபாத்தாகி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் இருந்திருந்தால் எனக்காகப் பேசியிருப்பார்கள். உம்மாதான் முதலில் வாய் திறந்தார்கள். “மருந்து இருக்கிறது என்று சொல்லித்தான் என் நெஞ்சில் பால் வார்த்தார்கள். நீ ஏன் மகளே அதைத் தட்டிவிடுகிறாய்?” என்றார்கள். மச்சான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார்கள். ஒரு குடும்பத்தின் கையில் இருந்த ஒரே நம்பிக்கையைப் பிடுங்குபவள்போல நான் நின்றேன். என் கணக்கு தவறாக இருந்தால்? உண்மையிலேயே மூன்று பிளஸாக இருந்து, என் சொல்லால் நாட்கள் வீணானால்? அந்த இரவின் பாரம் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

ராத்தாதான் முடிவு சொன்னார்கள். “குடைக்காரரை வாப்பா ஒரு கேள்வி கேட்டதால் யாருக்கும் நட்டம் வரவில்லையே. இவளும் ஒரு கேள்விதானே கேட்கிறாள், கேட்கட்டும்.”

ராத்தாவின் திசு மெழுகில் பதித்த சிறு கட்டியாகவும், கண்ணாடித் தகடுகளாகவும் அந்த ஆய்வகத்தில் இருந்தது. கேட்டு எழுதிக்கொடுத்ததும் தந்தார்கள். அவற்றை எடுத்துக்கொண்டு சென்னையில் பெரிய மருத்துவமனை ஒன்றின் நோய்க்குறியியல் மருத்துவரிடம் போனேன். இருவர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கி அவரிடம் இருந்தது. தகட்டை வைத்தார். செல்களின் உட்கரு நீலமாகவும், எதிர்ப்பொருள் பற்றிய இடம் பழுப்பாகவும் தெரியும். புற்றுச் செல்களைச் சுற்றி வலைபோலப் பழுப்புக் கோடு. மூன்று பிளஸ் என்றுதான் யாரும் எழுதுவார்கள். எனக்கு உள்ளம் நடுங்கியது.

“டாக்டர், பக்கத்தில் உள்ள நல்ல குழாய்களைக் காட்டுவீர்களா?” என்று கேட்டேன்.

மார்பகத்தில் பால் வரும் இயல்பான குழாய்கள் அந்தத் தகட்டின் ஓரத்தில் இருந்தன. நோயில்லாத அந்தச் செல்களில் ஹெர்-2 மிகச் சொற்பம். சரியாகச் செய்த சோதனையில் அவை ஏறக்குறைய நிறமின்றியே இருக்க வேண்டும். மருத்துவர் தகட்டை மெல்ல நகர்த்தினார். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். நல்ல குழாய்களும் அதே பழுப்பு நிறத்தில் இருந்தன. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இந்தத் தகட்டை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாதம்மா” என்றார்.

மழை பெய்ததா என்று கேட்டாலும் ‘ஆம்’, பெய்யவில்லையா என்று கேட்டாலும் ‘ஆம்’! எதிர்ப்பொருளை வேண்டிய அளவுக்கு நீர்க்கச் செய்யாவிட்டாலும், திசுவைச் சூடுபடுத்தும் நேரம் கூடிவிட்டாலும் இப்படி எல்லாவற்றிலும் நிறம் ஏறிவிடும் என்று அவர் விளக்கினார். எதிர்த் திசையிலும் தவறு நேரலாம். அறுத்தெடுத்த திசுவை ஒரு மணி நேரத்திற்குள் ஃபார்மலினில் இடவேண்டும். ஆறு மணி நேரத்திற்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்திற்கு மிகாமலும் அதில் ஊறவேண்டும். அந்த ஒழுங்கு தவறினால், இருக்கும் ஹெர்-2 கூட இல்லாததுபோல் தோன்றலாம்.

அவர் அந்த மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாகச் சீவல் எடுத்தார். ஹெர்-2 உண்டு என்று முன்பே உறுதியான திசு ஒன்றையும், இல்லை என்று உறுதியான திசு ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். அது மட்டும் போதாதென்று, எதிர்ப்பொருளையே பயன்படுத்தாமல் மரபணுவின் பிரதிகளை ஒளிரும் புள்ளிகளாக எண்ணும் ஃபிஷ் என்னும் சோதனைக்கும் அனுப்பினார். முதல் சாட்சியோடு உறவில்லாத இரண்டாம் சாட்சி அது. பன்னிரண்டு நாட்கள் காத்திருந்தோம். அந்தப் பன்னிரண்டு நாட்களும் உம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முடிவு வந்தது. புதிய தகட்டில் ஒரு பிளஸ். நல்ல குழாய்கள் வெறுமையாக இருந்தன. மரபணுப் பிரதிகள் பெருகவில்லை. ராத்தாவுக்கு ஹெர்-2 நோய் இல்லை. அந்த ஊசியும் வேண்டியதில்லை. கட்டி சிறிதாகவும் சாதுவாகவும் இருந்ததால் கீமோதெரபியும் தேவையில்லை என்று புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்தார். கதிர்வீச்சு சிகிச்சையும் ஐந்தாண்டு ஹார்மோன் மாத்திரையும் போதும் என்றார்.

இதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். “அப்படியானால் அந்தப் பெரிய மருந்து கிடையாதா?” என்றுதான் உம்மா கேட்டார்கள். செலவு மிகுந்த மருந்தே சிறந்த மருந்து என்ற எண்ணம் நம் எல்லோர் உள்ளத்திலும் எங்கோ ஒளிந்திருக்கிறது. அவர்களுக்குப் புரியவைக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகும் நாளில், முடிவு வரும் வரை, நானும் அச்சத்தோடுதான் இருந்தேன். ராத்தா ஒருவர்தான் தெளிவாக இருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் சோதனை செய்தவர்கள் கெட்ட எண்ணத்தால் தவறு செய்தவர்கள் அல்லர். நாளொன்றுக்கு எத்தனையோ தகடுகளைப் பார்க்கும் கைகள் அவை. நானே என் மேசையில் இரண்டு ஆண்டுகள் அதே தவறைச் செய்தவள்தானே? சாட்சி உரக்கப் பேசும்போது அதை ஐயுறுவது எளிதன்று. அதிலும் நாம் எதிர்பார்க்கும் சொல்லை அது சொல்லும்போது ஐயுறுவது மிக அரிது.

அன்புச் சகோதரிகளே! உங்கள் வீட்டிலோ உறவிலோ இப்படி ஓர் அறிக்கை வந்தால் மருத்துவரை நம்பாதீர்கள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ஒரு வெளி அறிகுறியை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடவும் வேண்டாம். மூன்று செய்திகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அறிக்கையின் எல்லாத் தாள்களையும் பத்திரமாக வைத்திருங்கள். திசுவின் மெழுகுக் கட்டியையும் தகடுகளையும் மறு ஆய்வுக்காகக் கேட்டுப் பெறலாம் என்பதை அறிந்துகொள்ளுங்கள். இரண்டு, இரண்டு பிளஸ் என்று வந்தால் அது ‘இல்லை’ என்றும் ஆகாது, ‘உண்டு’ என்றும் ஆகாது. மறுசோதனை செய்தே தீரவேண்டும். மூன்று, நோயின் மற்ற அடையாளங்களோடு ஒரு முடிவு ஒத்துப்போகவில்லை என்றால், “இதை மறுபடி உறுதி செய்துகொள்ளலாமா?” என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் எவரும் அந்தக் கேள்விக்குச் சினந்துகொள்ள மாட்டார். 2022 முதல், முற்றிய நோயில் ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் உள்ளவர்களுக்கும் பயன்படும் புதிய மருந்து வந்துவிட்டதால், இந்தச் சோதனையைச் சரியாகச் செய்வதன் அவசியம் இன்னும் கூடியிருக்கிறது.

ராத்தாவின் ஐந்தாண்டு மாத்திரைகள் முடிந்துவிட்டன. தோட்டம் விற்கப்படவில்லை. சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது, வாப்பா அவர்கள் அமர்ந்திருந்த அதே திண்ணையில் ராத்தா அமர்ந்திருக்க, பேரப் பிள்ளைகள் இருவர் ஒரு பந்துக்காக வழக்காடிக்கொண்டு வந்தார்கள். சின்னவன் தன் பக்கத்துக்குப் பக்கத்து வீட்டுப் பையனைச் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தான். ராத்தா அவனை அருகில் அழைத்து, முகத்தைத் தடவி, மிக அன்பாகக் கேட்டார்கள்:

“அப்போது மழை பெய்துகொண்டிருந்ததே, வாப்பா... நீ எங்கே நின்றாய்?”